இருபத்தைந்தாவது நகல்

உங்கள் பயிற்சி வகுப்புக்கு வந்து அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். முடியாது என்று சொல்லிவிட்டேன். இந்தக் கதையைப் பேச ஆரம்பித்தால் பாதியில் எனக்கு அழுகை வந்துவிடும். அதைப் பார்த்து நீங்கள் சங்கடப்படுவீர்கள், அதற்குள் டீ வந்துவிடும், எல்லாரும் எழுந்து போய்விடுவீர்கள். அதனால் எழுதிக் கொடுக்கிறேன். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படியுங்கள்.

வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவள் நான். பயந்த சுபாவம். கோயம்புத்தூர் கணபதியில் இருக்கிற வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன். பஸ் காந்திபுரம் வந்த பிறகு, மூன்றாவது தடவை இழுத்தோமா இல்லையா என்று யோசித்துக்கொண்டு நிற்பேன். இந்தக் குணம் சர்க்கார் வேலைக்கு நல்ல பொருத்தம் என்று கூட வேலை பார்த்தவர்கள் கேலி செய்வார்கள். நானும் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் செய்த தப்பு அசட்டையால் வந்ததில்லை. கூடுதல் கவனத்தால் வந்தது. சோம்பேறிகளுக்கு இந்தத் தப்பு வராது. உங்களில் யார் நன்றாக வேலை செய்கிறீர்களோ அவர்களுக்குத்தான் வரும்.

தொண்ணூறுகளின் நடுவில், கோயம்புத்தூரிலிருந்து அவிநாசி போகிற பக்கத்தில் ஒரு தாலுகா அலுவலகத்தில் இருந்தேன். ஊர்ப் பெயர் எதுவும் சொல்லப் போவதில்லை. கருமத்தம்பட்டியில் இறங்கி உள்ளே போக வேண்டிய ஒரு விசைத்தறி ஊர் என்பது மட்டும் போதும். இதில் சில விவரங்களை மாற்றியும் எழுதியிருக்கிறேன். எவை என்று கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். ஏன் சொல்லமாட்டேன் என்பது கடைசியில் உங்களுக்கே தெரியும்.

வீடில்லாதவர்களுக்கு இலவச மனைப்பட்டா கொடுக்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. விதவைகள், ஊனமுற்றோர், அதோடு நோயால் பாதிக்கப்பட்டவர்களையும் சேர்க்கச் சொல்லி மேலிருந்து கடிதம் வந்தது. நோயாளிகள் யார் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? தொழுநோய்ப் பிரிவுக்கு எழுதிக் கேட்டோம். அவர்கள் பெயர்களை அனுப்பினார்கள். இன்றைக்கு நீங்கள் ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்குத் தரவு வாங்குகிறீர்களே, அன்றைக்கு அது ஒரு பழுப்பு உறையில் வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த உறையின் மேல் சிவப்பு மையில் ‘இரகசியம்’ என்று எழுதியிருந்ததாம். நான் பார்க்கவில்லை. அதைப் பிரிக்க வேண்டிய தாசில்தார் வெளியூர் முகாமில் இருந்தார். தபால் பிரிவில் வழக்கம்போல உறையைக் கிழித்து, உள்ளே இருந்த தாளுக்கு முத்திரை குத்தி, தேதி போட்டு, என் மேசைக்கு அனுப்பிவிட்டார்கள். கிழித்த உறை கூடையில் போய் விழுந்தது. இரகசியம் உறையோடு குப்பைக்குப் போய்விட்டது. என் கைக்கு வந்தது பெயர், தகப்பனார் அல்லது கணவர் பெயர், ஊர், கதவு எண், சிகிச்சைப் பதிவு எண் என்று சுத்தமாக எழுதிய ஒரு தாள்.

இனி என் கவனத்தைப் பற்றிச் சொல்கிறேன். அதற்கு முந்தின வருட ஜமாபந்தியில், அதாவது கிராமக் கணக்குகளை மேலதிகாரி வந்து உட்கார்ந்து வருடாவருடம் தணிக்கை செய்வதில், நான் தயாரித்த ஒரு பட்டியலைப் பிடித்துவிட்டார்கள். ‘பயனாளி எந்தக் காரணத்தால் தகுதி பெறுகிறார் என்ற கலம் ஏன் இல்லை?’ என்று பச்சை மையில் ஓரத்தில் ஒரு கேள்வி. அதற்கு நான் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. இனி எந்தப் பட்டியலிலும் எந்தக் கலத்தையும் விடுவதில்லை என்று மனதுக்குள் சபதம் போட்டுக்கொண்டேன்.

அந்தச் சபதத்தை இந்தப் பட்டியலில் நிறைவேற்றினேன். ஐந்து கிராமத்துக்கும் சேர்த்து ஒரே பட்டியல். முதலில் விதவைகள், அடுத்து ஊனமுற்றோர், கடைசியில் நோயாளிகள். ‘தகுதிக்கான காரணம்’ என்று கடைசிக் கலம். அதில் ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் காரணத்தைத் தட்டச்சு செய்தேன். சிகிச்சைப் பதிவு எண்ணைக்கூட விடவில்லை. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் உருளையில் மை தடவி, இருபத்தைந்து நகல் ஓட்டினேன். கிராமத்துக்கு இரண்டாகப் பத்து, மற்ற அலுவலகங்களுக்குப் பதினான்கு, எங்கள் கோப்புக்கு ஒன்று. எழுத்து ஒன்றுகூட மங்கவில்லை. அன்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கிராமத்துக்கு எதற்கு இரண்டு என்றால், ஒன்று கோப்புக்கு, இன்னொன்று சுவரில் ஒட்டுவதற்கு. பயனாளிகள் பட்டியல் என்றால் ஒரு வாரம் ஊர்ப் பொதுச் சுவரில் ஒட்டி ஆட்சேபணை கேட்பது எங்கள் வழக்கம். நல்ல வழக்கம்தான். மாடி வீடு வைத்திருக்கிறவன் வீடில்லாதவன் என்று பெயர் கொடுத்திருந்தால் ஊர் காட்டிக்கொடுத்துவிடும். அந்த வழக்கத்தால் எத்தனையோ திருட்டுத்தனம் நின்றிருக்கிறது. அதனாலேயே, பட்டியல் என்றால் ஒட்டுவது என்று எங்கள் கைக்குப் பழகிவிட்டது. எதை ஒட்டுகிறோம் என்று மூளை கேட்பதில்லை.

திங்கட்கிழமை கிராம நிர்வாக அலுவலர்கள் கூட்டத்தில் பட்டியலைக் கொடுத்தனுப்பினேன், மற்ற அலுவலகங்களுக்கும் அன்றே தபாலில் போட்டாகிவிட்டது. செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி இருக்கும், தொழுநோய்ப் பிரிவின் களப்பணியாளர் வந்தார். என் வயதுதான் இருக்கும். ஊர் ஊராகப் போய் மாத்திரை அட்டை கொடுத்துவிட்டு வருகிறவர். இன்னும் ஏதாவது விவரம் வேண்டுமா என்று கேட்டுப் போக வந்திருந்தார். கோப்பில் இருந்த நகலை எடுத்துக் காட்டினேன். பாராட்டுவார் என்று நினைத்தேன் என்பதையும் வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

அவர் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். தாளை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஏனுங்க மேடம், இது ஆபீசுக்குள்ள வெச்சுக்கறதுங்களா, வெளிய ஒட்டறதுங்களா?”

“ஒட்டறதுதாங்க. நேத்தே குடுத்தாச்சே.”

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். ஒரு பெயரில் விரல் வைத்தார். 

“இந்தம்மா சத்துணவுக் கூடத்துல சமையல் பண்றவங்க. மருந்து முடிஞ்சு ரெண்டு வருசமாச்சுங்க. சுத்தமா கொணமாயிருச்சு. மருந்து சாப்பிட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்லயே அது யாருக்கும் தொத்தாதுங்க. ஆனா அத ஊர்ல யாருகிட்டப் போயிச் சொல்றது? பெருவியாதிக்காரி ஆக்குன சோத்தத் தின்னாங்களான்னுதான் கேப்பாங்க. அவங்க ஊட்டு வாசல்ல எஞ்சைக்கிள் ஒருநாள் நின்னதில்லீங்க. அப்பவெல்லாம் சந்தைக்கு வரச்சொல்லி, காய் வாங்கற பைக்குள்ளதான் மாத்திரையப் போடுவேன்.”

“அவங்களுக்குப் பட்டா வேணும்னு கேட்டிருக்காங்களா?”

“ஒண்ணும் கேக்கலீங்க. சொந்த ஊடு இருக்குது. நாந்தானுங்க... யாருக்கு வேணும், யாருக்கு வேண்டாம்னு பிரிச்சு எழுத நேரமில்லாம ரெஜிஸ்டர அப்படியே பாத்து எழுதிப்போட்டேன். கவர் மேல இரகசியம்னு எழுதியிருந்தனே மேடம்.”

எந்தக் கவர் என்று நான் கேட்டேன். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் முழுசாக விளங்கியது. அவர் தேவைக்கு மேல் கொடுத்தார். நான் தேவைக்கு மேல் எழுதினேன். நடுவில் ஒருவர் உறையைக் கிழித்தார். மூன்று பேருமே அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தோம். எதுவுமே கேட்காத ஒரு பெண்மணியின் சோறும் மரியாதையும் அதற்குள் சுவருக்குப் போய்க்கொண்டிருந்தன.

 அந்த நேரத்திலும் ஒரு கணக்குப் போட முடிந்தது. ஐந்து ஊரில் நான்கு ஊர் அலுவலர்கள் திங்கட்கிழமை கொடுத்ததை வெள்ளிக்கிழமைக்கு முன் தொடமாட்டார்கள். எத்தனை தடவை அவர்களைத் திட்டியிருப்பேன்! அன்று அந்தச் சோம்பேறிகளைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது. அலுவலக உதவியாளரிடம் சீட்டு எழுதிக் கொடுத்து, ஒட்டாமல் திருப்பி வாங்கிவரச் சொல்லி அந்த நான்கு ஊருக்கும் அனுப்பினேன். ஐந்தாவது ஊர்க்காரர் மட்டும் என்னைப் போன்றவர். அன்றைய வேலையை அன்றே முடிப்பவர். சமையல்கார அம்மாவும் அந்த ஊர்தான்.

பஸ்ஸுக்குக் காத்திருக்க முடியாது. களப்பணியாளர் யாரிடமோ ஒரு மொபெட் இரவல் வாங்கிவந்தார். பின்னால் உட்கார்ந்து போனேன்.  வழி முழுக்க நான், ஒட்டியிருக்க மாட்டார், பசை தீர்ந்திருக்கும், இன்றைக்கு அமாவாசை என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். அன்று அமாவாசைகூட இல்லை.

ஊருக்குள் நுழையும்போதே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. தறிச் சத்தம் இல்லை. தறி ஊரில் பகலில் சத்தம் இல்லையென்றால் கரண்ட் இல்லை. கரண்ட் இல்லையென்றால் தறி ஓட்டுகிற ஆணும் பெண்ணும் தெருவில். தெருவில் நிற்கிறவர்கள் எங்கே போவார்கள்? பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால் இருபது முப்பது பேர் கூடி நின்றார்கள்.

களப்பணியாளர் மொபெட்டை ஊர் முனையிலேயே நிறுத்திவிட்டார்.

“வாங்க” என்றேன்.

“நான் வரக்கூடாதுங்க மேடம். என்னய இந்த ஊருக்கே தெரியும். நான் வந்து அந்தச் செவுத்துகிட்ட நின்னாப் போதும், அந்த லிஸ்ட்ல என்ன இருக்குதுன்னு படிக்காமயே கண்டுபுடிச்சிருவாங்க. நீங்க போங்க.”

அவர் சொன்னது சரி. அந்த அவசரத்திலும் அவருக்கு அது தோன்றியது. அதனால்தான் அந்தப் பெயர் அதுவரை ஒளிந்திருந்தது. நான் தனியாக நடந்தேன்.

நாலடி போனதும் குரல் கேட்டது. ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், எழுத்துக் கூட்டிப் படிக்க முடியாதவர்களுக்காகப் பட்டியலை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் குரல் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தறிச் சத்தம் வேறு இல்லாததால் தெருக்கோடி வரை கேட்டது. வரிசை எண், பெயர், கணவர் பெயர், ஊர், கடைசியில் காரணம். ஒரு கலம்கூட விடாமல் படித்தார். என் கலங்கள்!

“...காரணம், விதவை. அடுத்தது...”

பெயருக்குப் பெயர் கூட்டம் ஏதாவது சொல்லியது. “அவுங்களுக்குக் குடுக்கலாம்”, “இவனுக்கெதுக்கு?” என்று சிரிப்பு. விதவைகள் முடிந்து ஊனமுற்றோர் ஆரம்பித்தார்கள். பட்டியல் எனக்கு மனப்பாடம். ஊனமுற்றோர் எட்டுப் பேர். அதற்கப்புறம் நோயாளிகள்.

ஓடிப்போய்த் தாளைக் கிழித்துவிடலாம் என்றுதான் கை துடித்தது. கிழித்தால்? “எதுக்குங்க கிழிக்கறீங்க?” என்று கேட்பார்கள். எதை மறைக்கிறாள் என்று பார்ப்பார்கள். ஏற்கெனவே யாராவது கடைசிப் பக்கத்தைக் கண்ணால் மேய்ந்திருந்தால், பார்த்தும் பார்க்காததுபோல இருந்தது அப்போது பளிச்சென்று நினைவுக்கு வரும். கிழித்த கையே அந்தப் பெயரைக் காட்டிக்கொடுத்துவிடும். வேறு ஊர்ப் பட்டியல் மாறி வந்துவிட்டது என்று பொய் சொல்லலாமா? சொந்த ஊர்க்காரர்கள் பத்துப் பேரை ஏற்கெனவே படித்தாகிவிட்டது.

“...காரணம், கால் ஊனம். அடுத்தது...”

கூட்டத்துக்குள் புகுந்து கண்டக்டருக்கும் சுவருக்கும் நடுவில் போய் நின்றேன்.

“அண்ணா, கொஞ்சம் நிறுத்துங்க. நான் தாலுகா ஆபீசுங்க. இந்த லிஸ்ட் தப்புங்க. அஞ்சு ஊர்ப் பேரையும் ஒண்ணாக் கலந்து அடிச்சுப்போட்டேன். இத ஒட்டவே கூடாதுங்க.”

“அதனாலென்னங்க அம்மணி? தப்புன்னா அப்பறம் மாத்தி ஒட்டுங்க. இன்னுங் கொஞ்சந்தான் இருக்குது, படிச்சுப்போட்டுக் குடுத்தர்றேன்.”

“படிக்காதீங்கண்ணா. படிச்சா என்ற வேலை போயிருமுங்க.”

இதை யோசித்துச் சொல்லவில்லை. வாயில் வந்தது. சொன்னவுடனே கண்ணீர் வந்துவிட்டது. அப்படியே சுவரோரம் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து அழுதேன். நடிப்பா என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுப் பார்த்துவிட்டேன். பாதி நடிப்பாக ஆரம்பித்திருக்கலாம், முடியும்போது நிச்சயமாக நடிப்பில்லை.

கூட்டம் அப்படியே திரும்பியது. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த முப்பது முகமும் என்னைப் பார்த்தன. சர்க்கார் ஆபீஸ்காரி தெருவில் உட்கார்ந்து அழுவதை எந்த ஊர் பார்த்திருக்கிறது? ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஒரு பெரியவர், “படிச்சு என்னத்துக்காகுதுங்க, ஒரு லிஸ்ட்ட ஒழுங்கா அடிக்கத் தெரியறதில்ல” என்றார். இன்னொருவர் தன் பட்டா மனு மூன்று வருடமாக எங்கள் ஆபீசில் தூங்குவதை எடுத்துவிட்டார். அப்புறம் ஒவ்வொருவராகத் தாலுகா ஆபீசைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டினார்கள். கண்டக்டரும் சுவரை விட்டுவிட்டு வந்து, தன் ரேஷன் கார்டில் மனைவியின் வயதைத் தொண்ணூறு என்று எழுதிவைத்ததைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்து, “ஆமாங்க, தப்புதானுங்க, பாக்கறனுங்க” என்று எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டேன். என்னைத் திட்டத் திட்ட எனக்கு உயிர் வந்தது. திட்டுகிற வாய் படிக்காதல்லவா?

எவ்வளவு நேரம் போனதோ தெரியவில்லை. எங்கேயோ ஒரு தறி ‘டடக்’ என்றது. இன்னொன்று. பிறகு ஊரே ஒரே சத்தம். கரண்ட் வந்துவிட்டது. தறி நின்றால் கூலி நிற்கும், ஒரு நிமிடத்தில் தெரு காலி. கண்டக்டர் மட்டும் போகும்போது, “அழுவாதீங்க அம்மணி, எங்க டிப்போலயும் இப்படித்தான் மெமோ குடுப்பானுங்க, ஒண்ணும் ஆகாது” என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனிதர். இன்னும் நான்கு பெயர் படித்திருந்தால் ஒரு குடும்பத்தையே அழித்திருப்பார், தனக்குத் தெரியாமலே.

எழுந்து சுவரிடம் போனேன். கிராம நிர்வாக அலுவலரின் வேலை சுத்தம். மைதாப் பசை தடவி, நான்கு ஓரத்தையும் அழுத்தி ஒட்டியிருந்தார். மேல் முனையைப் பிடித்து இழுத்தால் முதலிரண்டு தாள் வந்தது. கடைசித் தாள் பாதியில் கிழிந்து, கீழ்ப்பாதி சுவரோடு நின்றுவிட்டது. நகத்தால் சுரண்டினேன். வளையலால் சுரண்டினேன். ‘தொழு’ போனால் ‘நோய்’ நின்றது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் சாப்பாட்டுக்கு வெளியே வந்துவிடும், எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயசுப் பிள்ளைகள்.

“அப்படியெல்லாம் வராதுங்க அம்மணி. சுடுதண்ணி ஊத்துனா வந்துரும்.”

திரும்பினேன். சத்துணவுக் கூடத்திலிருந்து ஒரு பெண்மணி ஒரு கையில் ஆவி பறக்கும் குண்டாவும் இன்னொரு கையில் பாத்திரம் தேய்க்கும் தேங்காய் நாருமாக வந்துகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தார். நான் அழுததைக் கூடத்து ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். பாவம், ஆபீஸ்காரம்மா என்று உதவ வந்திருக்கிறார்.

வேண்டாம், நானே செய்துகொள்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.  சுவரை மறைத்து நின்றேன். அவர் சிரித்துக்கொண்டே, “தள்ளிக்குங்க, மேல பட்டுப்போகும்” என்று சொல்லித் தண்ணீரைச் சுவரில் ஊற்றினார். குனிந்து தேய்க்கப் போனவர் கை அப்படியே நின்றது.

அவருக்குப் படிக்கத் தெரியும்.

  அவர் அந்த ஒரு வரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர், கணவர் பெயர், ஊர், கதவு எண், பதிவு எண், காரணம். அவரைப் பற்றி இவ்வளவு விவரமாகச் சர்க்கார் அதற்கு முன் எதிலும் எழுதியிருக்காது. பிறகு நாரை எடுத்து முதலில் அந்த வரியைத் தேய்த்தார். அதன்பின் மேலே, அதன்பின் கீழே. மற்ற பெயர்களையும் அதே மாதிரி அழுத்தித் தேய்த்தார். ஒரு எழுத்து மிச்சமில்லாமல் போகிற வரை நிறுத்தவில்லை. சுவரில் சுண்ணாம்பே பெயர்ந்து வந்துவிட்டது.

எல்லாம் முடிந்த பிறகு குண்டாவை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். பயம்தான் இருந்தது. தறிச் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்:

“ஏனுங்க, இது எத்தன எடத்துக்குப் போயிருக்குதுங்க?”

இருபத்தைந்து என்று என்னால் சொல்ல முடியவில்லை. “எல்லாத்தையும் வாங்கிர்றனுங்க” என்றேன். கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. அவருக்கும் அது தெரிந்தது. கூடத்துக்குள் போய்விட்டார். உள்ளே சாம்பார் கொதிக்கும் வாசனை வந்தது.

தாசில்தாரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. “ஊர்ல எடுத்தாச்சில்ல? மத்ததெல்லாம் ஆபீசுக்குள்ள தான இருக்குது, அப்பறம் என்ன?” என்றார். அந்த ‘அப்புறம் என்ன’வை நம்பாதீர்கள். எனக்கு இருந்தது பயந்த சுபாவம் ஒன்றுதான், இந்தத் தடவை அதைச் சரியான பக்கம் திருப்பிவிட்டேன். அடுத்த ஒன்றரை மாதம் ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கினேன். வந்த தபாலைத் திருப்பிக் கொடுக்க விதியில்லை என்றார் ஒருவர். இன்னோரிடத்தில், எங்கள் கடிதத்துக்குச் சம்பந்தமே இல்லாத வேறு இரண்டு பிரிவுகளுக்குத் ‘தகவலுக்காக’ என்று அனுப்பிவைத்திருந்தார்கள். ஒரு மேசையில் டீ டம்ளருக்கு அடியில் மடித்து வைத்திருந்தது. பின்பக்கம் வெள்ளையாக இருந்தால் ஆபீசில் எந்தத் தாளும் வெறும் தாள்தான். ஓரிடத்தில் அதன் முதுகில் யாரோ தன் பெண்ணுக்கு ஜாதகக் கட்டம் போட்டிருந்தார்கள்.

சுவரில் ஒட்டியதையும் எங்கள் கோப்பில் இருந்ததையும் சேர்த்து இருபத்துநான்கு நகலுக்குக் கணக்கு வந்தது. கையில் இருந்தவற்றை எண்ணி, தாசில்தார் முன்னிலையில் எரித்தேன். நோயாளிகள் பிரிவில் எவரையும் இனி சுவரில் ஒட்டுவதில்லை, விருப்பம் எழுதிக் கொடுத்தவர்களை மட்டும் நேரில் விசாரிப்பது என்று குறிப்பு எழுதிக் கையெழுத்தும் வாங்கினேன். களப்பணியாளர் தன் பங்குக்குக் குணமானவர்களை நீக்கி வேறு தாள் எழுதிக் கொடுத்தார். இந்தத் தடவை தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் ‘இரகசியம்’ என்று எழுதியிருந்தார்.

இருபத்தைந்தாவது நகல் கிடைக்கவே இல்லை. அனுப்பியதற்குப் பதிவு இருக்கிறது, வாங்கியதற்குக் கையெழுத்தும் இருக்கிறது, தாள் இல்லை. பழைய காகிதத்தோடு எடைக்குப் போயிருக்கலாம் என்றார்கள். எடைக்குப் போன காகிதம் எங்கே போகும்? கடைக்குத்தான். அன்றிலிருந்து நான் போண்டா வாங்கினாலும் வறுகடலை வாங்கினாலும் தின்று முடித்ததும் பொட்டலக் காகிதத்தைப் பிரித்துப் படித்துப் பார்க்கிறேன். என் பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அதற்குப் பிறகு அந்த வழியில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் ஜன்னலோரம் உட்காருவேன். பள்ளிக்கூடம் ரோட்டிலிருந்து தெரியும். கூடத்து வாசலில் அந்த அம்மா அரிசி புடைத்துக்கொண்டோ பாத்திரம் கழுவிக்கொண்டோ இருப்பார். இருக்கிறார் என்று தெரிந்தால் அன்று ராத்திரி நன்றாகத் தூங்குவேன். இரண்டு வருடம் இப்படிப் போனது. அப்புறம் ஒருநாள் வாசலில் வேறு யாரோ இருந்தார்கள். அடுத்த தடவையும் அவர்களே. மூன்றாவது தடவை இறங்கிப் போய்விட்டேன்.

“முன்ன இருந்தவங்களா? வேலைய உட்டுப்போட்டாங்க. ஊட்டையும் குடுத்துப்போட்டு மககூடப் பவானிப் பக்கம் போயிட்டாங்களாமுங்க” என்றார் புதிய சமையல்காரம்மா.

“ஏனுங்க?”

“தெரியலீங்களே. திடீர்னு போயிட்டாங்க.”

மகளுக்குப் பிள்ளை பிறந்து துணைக்குப் போயிருக்கலாம். உடம்புக்கு முடியாமல் போயிருக்கலாம். ஒரு பொட்டலக் காகிதம் யார் கையிலாவது பிரிந்திருக்கலாம். அந்த ஊரிலேயே நின்று இன்னும் நாலு பேரைக் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கவில்லை. தாலுகா ஆபீஸ்காரி இந்த அம்மாவைப் பற்றி ஏன் விசாரிக்கிறாள் என்று ஒருவருக்காவது சந்தேகம் வந்தால், நானே இன்னொரு தடவை சுவரில் ஒட்டின மாதிரி ஆகிவிடும். வாயை மூடிக்கொண்டு அடுத்த பஸ் ஏறினேன். எனக்குத் தெரிந்த பிராயச்சித்தம் அது ஒன்றுதான், தெரியாமலேயே இருப்பது.

உங்களுக்கு உருளை இல்லை, ஸ்டென்சில் இல்லை, கையில் மை ஒட்டாது. ஒரு துறை கேட்கும், நீங்கள் முழுக் கோப்பையும் அனுப்பிவிடுவீர்கள், ஏனென்றால் பிரித்து அனுப்புவதைவிட அது சுலபம். அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு ஒரு நிமிடம் இருங்கள். அந்தப் பட்டியலில் எதுவுமே கேட்காத ஒருவர் இருப்பார். அவர் சுடுதண்ணீர்க் குண்டாவோடு உங்கள் முன்னால் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். எத்தன எடத்துக்குப் போயிருக்குதுங்க என்று கேட்கிறார்.

பதில் தெரிந்தால் அனுப்புங்கள்.